எத்தன தடவ சொல்றது

ஜனவரி 19, திங்கள்

டாக்டர் என் வாயை அடைத்துவிட்டார். இரண்டு வாரத்துக்கு ஒரு வார்த்தை பேசக்கூடாது. பள்ளி மைதானத்தில் வருடக்கணக்காகக் கத்தியதில் குரல்நாணில் ஒரு சின்னக் கட்டி. சனிக்கிழமை அதை எடுத்துவிட்டார்கள். எடுத்ததைப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். அதெல்லாம் ஒன்றும் இருக்காது.

"மெதுவாகக் கிசுகிசுத்தால் பரவாயில்லையா?" என்று சிலேட்டில் எழுதிக் காட்டினேன்.

"அது கத்தறதவிட மோசம்மா. கம்முனு இருங்க, அது போதும்" என்றார்.

கம்மென்று இருப்பதா! நான் பி.டி. டீச்சர். நான் 'நேர்நில்' என்றால் பிள்ளைகள் மட்டுமில்லை, ரோட்டில் போகிற சைக்கிள்காரரும் நிற்பார். பெயர் தேன்மொழி. அப்பா ஆசையாக வைத்த பெயர், பாவம், அவருக்கு என்ன தெரியும்.

குரல் பழையபடி வருமா என்றும் எழுதிக் கேட்டேன். "பார்க்கலாம்" என்றார். டாக்டர்கள் பார்க்கலாம் என்றால் எனக்குப் பிடிக்காது.

பேசாமல் இருந்தால் வெடித்துவிடுவேன் என்று தோன்றியதால் இந்த டைரி. இன்ஷூரன்ஸ்காரர் கொடுத்தது. இதுவரை பால் கணக்குக்குக்கூட எடுத்ததில்லை.

ஜனவரி 20

இவருக்கு யோகம்தான். இன்று செருப்போடு கூடம்வரை வந்தார். கல்யாணமான நாளிலிருந்து தினமும் சொல்லி, தினமும் மறக்கிறார். சிலேட்டில் 'செருப்பு' என்று எழுதிக் காட்டினேன். கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுப் படித்து, "அட ஆமா" என்று போய்க் கழற்றினார். சண்டை போட்ட திருப்தியே இல்லை.

ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் டி.வி.க்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். நிம்மதியாக இருக்கிறார் போலிருக்கிறது. இருக்கட்டும்.

ஜனவரி 22, வியாழன்

விடிகாலையில் குழாய்த் தண்ணீர் வந்தது. எங்கள் அப்பார்ட்மென்டில் குடிதண்ணீருக்குக் கீழே ஒரே ஒரு குழாய். அது எப்போது வரும் என்று அதற்கே தெரியாது. குழாய் எங்கள் சமையலறை ஜன்னலுக்கு நேர் கீழே இருப்பதால் முதலில் எனக்குத்தான் சத்தம் கேட்கும். மாடிப்படியில் நின்று "தண்ணி வந்தாச்சு!" என்று ஒரு குரல் கொடுத்தால் நாலு மாடியும் குடத்தோடு இறங்கிவிடும்.

இன்று குரல் இல்லையே. ஒரு எவர்சில்வர் தட்டையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டு கீழே இறங்கி, தட்டிக்கொண்டே மாடி மாடியாக ஏறினேன். முதல் மாடியில் கதவைத் திறந்த அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டு, "எந்தக் கோயில்லீங்க வந்திருக்கு?" என்றார். இரண்டாம் மாடி நாங்கள். இவர் எழுந்திருக்கவே இல்லை. மூன்றாம் மாடியில் இருக்கிற கல்லூரிப் பெண்கள் கதவைத் திறக்கவில்லை. நான் நாலாவது மாடியை எட்டும்போது தண்ணீர் நின்றுவிட்டது.

செக்ரட்டரி வேலுச்சாமி உடனே 'தண்ணீர் தகவல்' என்று ஒரு வாட்ஸ்அப் குழு ஆரம்பித்துவிட்டார். அதில் இதுவரை வந்தவை பன்னிரண்டு காலை வணக்கம், ஒரு ரோஜாப்பூ.

படியில் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சொன்னார்: "தப்பா நெனச்சுக்காதீங்க டீச்சர். ஆனா இந்த ஒரு வாரமாத்தான் நம்ம பில்டிங்குல மனுசன் நிம்மதியா இருக்கறானுங்க."

நானும் சிரித்தேன். சத்தமில்லாமல்தான்.

ஜனவரி 26

குடியரசு தினம். கொடியேற்றத்துக்குப் போனேன். அணிவகுப்புக் கட்டளைகளைப் போன வருட வீடியோவிலிருந்து வெட்டி எடுத்து ஸ்பீக்கரில் போட்டார்கள். என் குரல் ஸ்பீக்கரில் வருகிறது, நான் டீச்சர்கள் வரிசையில் கை கட்டி நிற்கிறேன். நான் செத்துப்போனால் இப்படித்தான் இருக்கும் போல என்று நினைத்து, உடனே வேறு ஏதாவது நினை என்று என்னையே அதட்டிக்கொண்டேன்.

பிள்ளைகள் நன்றாகத்தான் நடந்தார்கள்.

ஜனவரி 27

ரிப்போர்ட் வரவில்லை. வீட்டில் இருக்கிற போர்வை எல்லாவற்றையும் துவைத்துப் போட்டேன்.

ஜனவரி 28, புதன்

ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். குரல் வந்தாலும் இனி மெதுவாகப் பேசப் போகிறேன். நாலாவது மாடி பேங்க்காரம்மா பேசுவதுபோல. அவர் பேசினால் எதிரில் இருப்பவர் குனிந்து கேட்க வேண்டும். எவ்வளவு மரியாதையாக இருக்கிறது! யாரும் என் குரலுக்காக ஏங்கிக் கிடக்கவில்லை. ஸ்டாஃப் ரூமும் அமைதி, பில்டிங்கும் அமைதி.

இவரும் அப்படித்தான். முன்பெல்லாம் சாயங்காலம் முக்குக் கடைக்குப் போய் டீ குடித்துவிட்டு நாலு பேரோடு பேசிவிட்டு வருவார். நான் ஜன்னலிலிருந்து ஒரு குரல் கொடுத்தால் வருவார். இப்போது கடைக்கே போவதில்லை. கட்டுத்தறிபோல் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கிறார். வேலுச்சாமி கதவைத் தட்டி, "சனிக்கிழமை மீட்டிங் வர்றீங்களா?" என்று கேட்டதற்கு, "சாப்பிட்டாச்சுங்க" என்றார். அவருடைய காது விஷயம் எனக்கு மட்டும்தான் தெரியும். பம்ப்செட் கம்பெனியில் இரைச்சலுக்குள்ளேயே இருந்து இருந்து மந்தமாகிவிட்டது. காதில் மெஷின் வைத்துக்கொள்ளுங்கள் என்று எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். "உன்ற குரல் இருக்கறப்போ மெஷின் எதுக்கு?" என்பார். கிண்டல்தான், வேறென்ன.

ஜனவரி 30, வெள்ளி

இன்று எழுத நிறைய இருக்கிறது. பேனா போதுமா பார்க்கலாம்.

சாயங்காலம் தயிர் வாங்கிக்கொண்டு வந்து லிஃப்டில் ஏறினேன். எங்கள் லிஃப்ட் பழைய காலத்துக் கம்பிக் கதவு வைத்தது. கூடவே மூன்றாம் மாடிப் பெண் ஏறினாள். எங்களுக்கு நேர் மேல் வீட்டில் மூன்று மாணவிகள் வாடகைக்கு இருக்கிறார்கள். இவள் மட்டும் ஆப்பிரிக்காவிலிருந்து வந்து இங்கே உணவுத் தொழில்நுட்பம் படிக்கிறாள். இரண்டு வருடமாகப் பார்க்கிறேன். பார்த்தால் சிரித்துக்கொள்வோம், அவ்வளவுதான். என் ஆங்கிலத்தை நம்பி நான் யாரிடமும் பேச்சை ஆரம்பிப்பதில்லை.

முதல் மாடியைத் தாண்டியதும் கரண்ட் போய்விட்டது. லிஃப்ட் இரண்டு மாடிக்கும் நடுவில் நின்றது. அலாரம் பொத்தானை அழுத்தினால் சத்தமே இல்லை. அதைச் சரிசெய்யச் சொல்லி வேலுச்சாமியிடம் போன தீபாவளியிலிருந்து கத்திக்கொண்டிருக்கிறேன். என் போன் வீட்டில். அவள் போனில் சார்ஜ் இல்லை. கீழே வாட்ச்மேன் ரேடியோவைச் சத்தமாக வைத்திருக்கிறார்.

என்னுடைய ஒரே ஒரு கத்து போதும், மொத்தத் தெருவும் வந்துவிடும். பழக்கதோஷம், வாயைத் திறந்து மூச்சை இழுத்துவிட்டேன். அந்தப் பெண் சட்டென்று என் கையைப் பிடித்து, தொண்டையைத் தொட்டுக் காட்டி, வேண்டாம் என்று தலையாட்டினாள். என் ஆபரேஷன் விஷயத்தை வாட்ச்மேன் சொல்லியிருக்கிறார் போல. பிறகு கம்பியைப் பிடித்துக்கொண்டு, கழுத்தை மேலே தூக்கி, ஒரு சத்தம் போட்டாள் பாருங்கள்.

"ஏனுங்க! காதுல உழுகுதா இல்லையா? எத்தன தடவ சொல்றது!"

அது என் குரல். என் இழுப்பு, என் வேகம், கடைசியில் நான் மூக்கால் விடுகிற பெருமூச்சு உட்பட.

ரேடியோ நின்றது. கதவுகள் திறந்தன. முதல் மாடி அம்மா, "டீச்சருக்குப் பேச்சு வந்துருச்சுங்கோ!" என்று மேலேயும் கீழேயும் சொல்ல ஆரம்பித்தார். எல்லாருக்கும் முன்னால் இவர் ஓடி வந்தார். ஒரு கன்னத்தில் சோப்பு நுரை, இன்னொரு கன்னத்தில் இல்லை. பாதிச் சவரத்தில் எழுந்து வந்திருக்கிறார். மேலே படியில் குனிந்து கம்பி வழியாகப் பார்த்து, "தேனு! பேசிட்டயா? டாக்டர் வையுவாரேம்மா!" என்றார். பேச்சில் பயம், முகமெல்லாம் சிரிப்பு. நான் இல்லை, இவள் என்று கையைக் காட்டினேன். அந்தச் சிரிப்பு அப்படியே இறங்கியது. அதைப் பார்த்தேன். பார்த்து வைத்துக்கொண்டேன்.

கரண்ட் வரும்வரை காத்திருக்க வேண்டும் என்றார்கள். எல்லாரும் போய்விட்டார்கள். இவர் மட்டும் படியிலேயே உட்கார்ந்துகொண்டார். எங்களுக்கு அவருடைய இரண்டு கால்கள் மட்டும் தெரிந்தன. போய் முகத்தைக் கழுவுங்கள் என்று கம்பிக்கு வெளியே கையை நீட்டி ஆட்டினேன். கால்கள் நகரவில்லை.

நான் பையிலிருந்து சிலேட்டை எடுத்து, எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், தமிழ் எங்கே கற்றாய் என்று எழுதினேன். இனி அவள் சொன்னதையெல்லாம் தமிழில் எழுதுகிறேன்.

"உங்களிடம்தான், ஆன்ட்டி" என்றாள்.

அவள் பெயர் தடாலா. ஏதோ கீழே விழுந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். நாங்கள் பாக்கியம் பெற்றோம் என்று அர்த்தமாம். ஊர் மலாவி நாட்டில் சோம்பா. தினமும் சாயங்காலம் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து படிப்பாளாம். கீழே நான் கத்துவதெல்லாம் அப்படியே மேலே போகிறது. கல்லூரியில் எல்லாம் ஆங்கிலம், கூட இருக்கிற பெண்கள் மலையாளம். ஆகவே அவளுக்குத் தெரிந்த தமிழ் முழுக்க நான் போட்ட பிச்சை. "தண்ணி வந்தாச்சு, கேட்டைச் சாத்துங்க, சீரகம் வாங்கச் சொன்னா சோம்பு வாங்கிட்டு வந்திருக்கீங்க" என்று வரிசையாகச் சொல்லிக் காட்டினாள்.

'எத்தன தடவ சொல்றது' என்பது சாயங்காலம் வீட்டுக்கு வருகிறவர்களுக்குச் சொல்லும் வணக்கம் என்று முதல் வருடம் முழுக்க நினைத்திருந்தாளாம். தப்பும் இல்லை, இவர் வாசலில் நுழைந்ததும் நான் சொல்வது அதுதானே. அதனால் படிக்கட்டில் இவரைப் பார்க்கும்போதெல்லாம் கைகூப்பி, "அங்கிள், எத்தன தடவ சொல்றது!" என்பாளாம். இவரும் காதில் விழாமல், "நல்லாருக்கறேன் கண்ணு" என்பாராம். ஒரு வருடம் இப்படியே இரண்டு பேரும் மரியாதையாக நடந்துகொண்டிருக்கிறார்கள்.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சத்தமாகச் சிரிக்கவும் தடை. வாயைப் பொத்திக்கொண்டு லிஃப்ட் சுவரில் சாய்ந்து குலுங்கினேன். தயிர்ப்பை நசுங்கிவிட்டது.

பிறகுதான் அவள் அம்மாவைப் பற்றிச் சொன்னாள். அம்மா சோம்பாவில் தையல் தைக்கிறார். இவள் இங்கே வந்த புதிதில் தீபாவளி லீவுக்குக் கூட இருந்த பெண்கள் ஊருக்குப் போய்விட்டார்கள். தனியாக இருந்திருக்கிறாள். வெளியே வெடிச் சத்தம், உள்ளே யாரும் இல்லை. அம்மாவுக்குப் போன் போட்டு, எனக்கு இந்தப் படிப்பு வேண்டாம், வந்துவிடுகிறேன் என்று அழுதிருக்கிறாள். அம்மாவும் சரி, வந்துவிடு என்று சொல்லிவிட்டார். அந்த நேரம் பார்த்துக் கீழே நான் ஆரம்பித்திருக்கிறேன்.

"யாரது?" என்று அம்மா கேட்டாராம்.

"கீழ்வீட்டு ஆன்ட்டி. கணவரைத் திட்டுகிறார்."

"அவர் திருப்பிக் கத்துகிறாரா?"

"இல்லை. சிரிக்கிறார்."

அந்த அம்மா கொஞ்ச நேரம் போனில் நான் கத்துவதையே கேட்டுக்கொண்டிருந்தாராம். பிறகு சொன்னாராம்: "இப்படி ஒருத்தி இருக்கிற வீட்டுக்கு மேலேதான் நீ இருக்கிறாயா? அப்படியென்றால் உனக்கு ஒன்றும் ஆகாது. இன்னும் ஒரு வாரம் இருந்து பார்."

அந்த ஒரு வாரம்தான் இரண்டு வருடமாகிவிட்டது. தினமும் போனில் முதல் கேள்வி, இன்றைக்கு அந்த அம்மா யாரைத் திட்டினாள் என்பதுதானாம். இவள் மொழிபெயர்த்துச் சொல்வாளாம். சீரகத்துக்கும் சோம்புக்கும் உள்ள வித்தியாசம் சோம்பாவில் ஒரு தையல் கடைக்கே தெரியுமாம்.

"இப்போது இரண்டு வாரமாகச் சத்தம் இல்லை. அவளுக்கு என்ன ஆயிற்று, போய்ப் பார்த்தாயா என்று அம்மா தினமும் என்னைத் திட்டுகிறாள். எனக்குத்தான் உங்கள் கதவைத் தட்டப் பயமாக இருந்தது. கத்துவீர்களோ என்று. பிறகுதான் ஞாபகம் வந்தது, உங்களால் கத்த முடியாதே." சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். "அம்மா சர்ச்சில் உங்களுக்காக வேண்டிக்கொள்கிறாள். உங்கள் பெயர் தெரியாததால், என் மகளுக்குக் கீழே கத்துகிறவள் என்று சொல்லித்தான் வேண்டுகிறாள்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. மறைக்கவும் இல்லை. நான் பார்த்தே இராத ஊரில், என் பெயர்கூடத் தெரியாத ஒரு பெண், என் சத்தத்தை நம்பித் தன் மகளை இங்கே விட்டுவைத்திருக்கிறாள். இந்தத் தொண்டையைத்தான் பத்து நாளாக நான் சபித்துக்கொண்டிருந்தேன். சிலேட்டில் என் பெயரை ஆங்கில எழுத்தில் பெரிதாக எழுதிக் காட்டினேன். அவள் எழுத்துக் கூட்டி, "தே-ன்-மோ-லி" என்றாள். அம்மாவிடம் சொல்வதாகச் சொன்னாள். நன்றி என்பதற்கு அவர்கள் பாஷையில் என்ன என்று எழுதிக் கேட்டேன். "ஜிக்கோமோ" என்றாள். மனதுக்குள் பத்துத் தடவை சொல்லிப் பார்த்தேன்.

கரண்ட் வந்தது. மேலே காத்திருந்த இரண்டு கால்களும் எழுந்து நின்றன.

ஜனவரி 31

காலையில் இவர் காபி டம்ளரை உருட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். பிறகு என்னைப் பார்க்காமல் பேசினார்.

"மத்தவிய பேசறதெல்லாம் எனக்குப் பாதிதான் தேனு கேக்கும். மீதிய நானா ஒப்பேத்திக்குவேன். உன்றது ஒண்ணுதான் முழுசாக் கேக்கும். இந்த ரெண்டு வாரமா... என்னமோ தண்ணிக்குள்ள உக்காந்திருக்கற மாதிரி இருக்குது."

அவர் டீக்கடைக்குப் போகாததும், டி.வி.க்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்ததும் நிம்மதியினால் என்று எழுதியிருக்கிறேனே, அதையெல்லாம் அடிக்கப் போவதில்லை. அப்படியே இருக்கட்டும். என் புத்திசாலித்தனத்துக்கு ஒரு சாட்சி வேண்டாமா?

சிலேட்டில் எழுதினேன்: 'திங்கட்கிழமை டாக்டரிடம் இரண்டு பேரும் போகிறோம். எனக்குத் தொண்டை, உங்களுக்குக் காது.' எப்போதும் சொல்கிற பதிலைச் சொல்ல வாய் திறந்தார். என் தொண்டையைப் பார்த்தார். சரி என்றார்.

பிப்ரவரி 1

விடிகாலை தண்ணீர் வந்தது. தட்டை எடுக்க எழுந்தேன். அதற்குள் மூன்றாம் மாடியிலிருந்து, "தண்ணி வந்தாச்சு! கொடத்தை எடுத்துட்டு வாங்கோ! அப்புறம் வரலைன்னு அழாதீங்கோ!"

நாலு மாடியும் இறங்கியது. வேலுச்சாமி பனியனைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, இரண்டு கையிலும் குடத்தோடு ஓடினார். தடாலா படியில் நின்று இடுப்பில் கை வைத்து எல்லாரையும் வரிசையில் நிற்க வைத்தாள். நான் எதுவும் சொல்லிக் கொடுக்கவில்லை.

பிப்ரவரி 2, திங்கள்

ரிப்போர்ட் வந்துவிட்டது. பயப்பட ஒன்றுமில்லை. சாதாரணக் கட்டிதான். அந்தக் காகிதத்தை நாலு தடவை படித்தேன், இத்தனை நாளும் நான் பயப்படவே இல்லையாம்!

டாக்டர், "ஆ சொல்லுங்க" என்றார். சொன்னேன். கரகரவென்று ஏதோ ஒன்று வந்தது. பேசலாம், ஆனால் கொஞ்சம் கொஞ்சமாக. கத்துவது இனி எப்போதுமே கூடாது. மைதானத்துக்கு விசிலும் மைக்கும்தான். முன்பென்றால் இடிந்துபோயிருப்பேன். இன்று, கிடைத்த வரைக்கும் போதும் சாமி என்றுதான் தோன்றியது.

இவருக்குக் காதுப் பரிசோதனை செய்தார்கள். மெஷின் சனிக்கிழமை தருகிறார்களாம்.

பிப்ரவரி 5

தினமும் கொஞ்ச நேரம் பேசிப் பழகுகிறேன். பேங்க்காரம்மா மாதிரி மெதுவாக. இவர் குனிந்து குனிந்து கேட்டுவிட்டு, "ம்" என்கிறார். ஒன்றும் கேட்கவில்லை என்று தெரிகிறது.

பிப்ரவரி 7, சனி

காலையிலேயே மெஷின் வாங்க இவர் போய்விட்டார். நானும் வருகிறேன் என்றதற்கு, "நீ தொண்டையப் பாரு" என்று தனியாகப் போனார். சாயங்காலம் நாலு மணியாகியும் வரவில்லை.

தடாலா அம்மாவை வீடியோவில் பிடித்துக்கொண்டு கீழே வந்தாள். சோம்பாவில் அப்போது மதிய நேரம். தையல் மெஷினுக்குப் பக்கத்தில் பெரிய உடம்போடு, தலையில் பூப்போட்ட துணி கட்டி, அந்த அம்மா. பின்னால் இன்னும் இரண்டு பெண்கள் எட்டிப் பார்க்கிறார்கள். நான் புடவையைச் சரிசெய்துகொண்டு, மனப்பாடம் செய்துவைத்திருந்ததை மெதுவாக, பணிவாகச் சொன்னேன்: "ஜிக்கோமோ."

அந்த அம்மா முகத்தைச் சுருக்கினார். மகளிடம் ஏதோ கேட்டார். தடாலா சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாள்: "இது அவள் இல்லையாம். இது யாரோ பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி பேசுகிறதாம். என்னை ஏமாற்றாதே, அந்த அம்மாவைக் கூப்பிடு என்கிறாள்."

எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கத்தவும் கூடாது. அந்த நேரத்தில்தான் இவர் வந்தார். இரண்டு காதிலும் சின்னதாக மெஷின். முகத்தில் ஒரு பிரமிப்பு. காகம் கத்துவது, பஸ் பிரேக் போடுவது எல்லாம் கேட்டு, திருவிழாவில் தொலைந்த பிள்ளை மாதிரி வழியெல்லாம் நின்று நின்று வந்திருக்கிறார் போல. அந்த மயக்கத்தில் செருப்போடு நேராகக் கூடத்துக்குள் வந்துவிட்டார்.

நான் யோசிக்கவே இல்லை. தானாக வந்தது. சத்தம் போடவில்லை. கரகரத்த குரலில், பக்கத்தில் இருப்பவரிடம் பேசுகிற அளவுக்குத்தான் வந்தது. ஆனால் இழுப்பு என்னுடையது, வேகம் என்னுடையது.

"ஏனுங்க! செருப்ப வெளிய உடுங்கன்னு எத்தன தடவ சொல்றது!"

போனில் ஒரு கூச்சல். அந்த அம்மா எழுந்து நின்று, நாக்கைச் சுழற்றிக் குலவை போட்டார். நம்ம ஊர்க் குலவையேதான். பின்னால் நின்ற இரண்டு பேரும் சேர்ந்துகொண்டார்கள். தடாலா குதித்தாள்.

இவர் நகரவே இல்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"கேட்டுச்சுங்களா?" என்றேன்.

"கேட்டுச்சு" என்றார். "முழுசாக் கேட்டுச்சு தேனு."

கண்ணைத் துடைத்துக்கொண்டார். திரும்பி வாசலுக்கு வெளியே போனார். செருப்பைக் கழற்றத்தான் போகிறார் என்று நினைத்தேன். அங்கே ஒரு நிமிடம் நின்றார். பிறகு செருப்போடு மறுபடியும் உள்ளே வந்தார்.